ஒரு லிட்டர் தின்னர்

லாபிஸ் பெரிய சாலையில்
ஆ செங் ஹார்ட்வேர் கடைக்கு
ஒரே மாதத்தில் மூன்றாம் முறை போனபோது
கல்லாவில் நின்ற ரூபேந்திரன் கேட்டான்:
"பெயிண்டே வாங்கறதில்ல,
தின்னர் மட்டும் வாங்கறீங்க.
அப்படி என்னதாங்க அடிக்கிறீங்க வீட்டுல?"

அடிக்கிறவர்கள் வேறு ஆட்கள் என்றேன்.
நாங்கள் துடைக்கிற கட்சி.

சிரித்தான். பிறகுதான் புரிந்தது அவனுக்கு.
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஆணி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.
அந்த முகத்துக்காகவே
தேவையில்லாமல் ஒரு பிரஷும் வாங்கினேன்,
மூன்று வெள்ளி அறுபது சென்.

செம்பனைக்கு நடுவில் எங்கள் தாமான்.
எஸ்டேட்டை விற்றபோது கிடைத்த மலிவு வீடுகள்,
ஒரே அச்சில் நாற்பது கேட்டுகள்.
எங்களுடையது மட்டும் சிவப்பு.
ரொட்டிக்காரர்கூட அதை வைத்துத்தான்
அடுத்த வீட்டுக்கு வழி சொல்கிறார்.

அப்பா நாலு நம்பருக்காகவே கனவு காண்பவர்.
பாம்பு வந்தால் ஓர் எண், பல் விழுந்தால் ஓர் எண்,
செத்துப்போன அத்தை வந்தால்
பத்து வெள்ளி கூடுதலாகக் கட்டுவார்.
கனவு அவருடையது.
கடன் குடும்பச் சொத்து.

அம்மா பள்ளி கேண்டீனில் மீந்த மீகூனைக்
கட்டிக்கொண்டு வருவாள்.
தாலியில் இப்போது மஞ்சள் கயிறு மட்டும்.
"கனம் குறைஞ்சதும் கழுத்து வலியே இல்லடி"
என்றாள் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே.
திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பசார் மாலாமில்
அப்பம் பாலிக் வாங்கித் தந்தான் ரூபேந்திரன்.
ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்தி
முதல் காதல் வசனம் சொன்னான்:
"ஆயில் பெயிண்ட்னா காயறதுக்குள்ள
டீசல் தடவிடுங்க. செலவு கம்மி."
சோளமும் கடலையும் என் வாயில்.
சம்மதம் என்பதுபோல் தலையாட்டினேன்.

நாலாம் முறை அவர்கள் பெயிண்ட் கொண்டுவரவில்லை.
விடிந்தபோது விளக்குக் கம்பங்களில் நான் இருந்தேன்.
என் ஐசி நகல். பெயர், எண், முகவரி,
கீழே ஆலோங்கின் கைப்பேசி எண்,
கண் பாதி மூடிய பன்னிரண்டு வயது முகம்.
அந்த நகலைக் கொடுத்தவர்
குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு
வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு ஒரு மோட்டார் வந்து நின்றது.
ரூபேந்திரனின் நகக்கண்ணெல்லாம் பசை.
"ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டியிருக்கானுங்க.
முப்பத்தொன்னு கிழிச்சேன்."
கையில் முப்பதுதான் இருந்தன.
எண்ணிப் பார்த்து முறைத்தேன்.
"ஒன்னு நான் வச்சிக்கிட்டேன்" என்றான்,
"கண்ணு மூடியிருந்தாலும் நல்லாத்தான் இருக்கீங்க."
எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.
அழுதேன். மூக்கு ஒழுகியது.
துடைக்க என் முகத்தையே நீட்டினான்,
முப்பதில் ஒன்றை.

அப்பா ஈரத் தலையோடு வெளியே வந்தார்.
பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மோட்டாரைப் பார்த்தார்.
"தம்பி, வண்டி நம்பர் என்ன?"
எண் பலகை மறையும்படி நகர்ந்து நின்று
கடைசி இலக்கத்தை மாற்றிச் சொன்னான் அவன்.

பாலாயில் கார்ப்பரல் இரண்டு விரலால் தட்டினார்.
நகல் யார் கையிலிருந்து போனது?
மின்விசிறி மூன்று சுற்று சுற்றும்வரை யோசித்தேன்.
அர்ச்சுனன் என்றேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.
உறவு?
அப்பா.
பக்கத்திலிருப்பவர் யார்? உறவு?
"ஹார்ட்வேர்" என்றான் ரூபேந்திரன்.
கார்ப்பரல் தட்டுவதை நிறுத்திவிட்டு
எங்கள் இருவரையும் பார்த்தார்.

புதன்கிழமை அந்த எண் அடிக்கவில்லை.
"ராசியில்லாத பையன்" என்றார் அப்பா.
அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.
அம்மா மீகூனை நாலு தட்டில் போட்டாள்.
நாலாவதன்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்து
கேட்டைப் பார்த்தாள்.
வெளுத்துப்போய் இப்போது அது
ரோஸ் நிறத்தில் இருக்கிறது.